குறைந்த செலவில் ஒரு குடும்பப் பயணம்: முத்துக்குளித்துறை வழியே மூன்று நாள்

வீட்டையே சக்கரங்களின்மேல் ஏற்றிக்கொண்டு ஊர் பார்க்கும் வழக்கம் மேனாடுகளில் வேரூன்றியுள்ளது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் உள்ளேயே அமைந்த வண்டியைக் ‘கேம்பர் வேன்’ என்று அங்கே அழைக்கின்றனர். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-ஆம் ஆண்டில் உருவாக்கிய சிறு வேனுக்குள், அடுத்த ஆண்டே வேறொரு நிறுவனத்தார் படுக்கையும் அலமாரியும் பொருத்தித் தந்தனர். விடுதி வாடகை கொடுக்க இயலாத குடும்பங்களும் மலையையும் கடலையும் கண்டு களிக்க அது வழி திறந்தது. நம் அண்டை மாநிலமாகிய கேரளமும் 2021-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகளுக்கெனத் தனிச் சுற்றுலாத் திட்டம் ஒன்றை அறிவித்தது.

ஆயினும் இது நமக்கு முற்றிலும் புதியதன்று. நம் பாட்டனார் காலத்துக் கூண்டு வண்டியை எண்ணிப் பாருங்கள். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, அரிசி மூட்டையும் சட்டி பானைகளும் ஏற்றி, அடியில் லாந்தர் விளக்கொன்றைத் தொங்கவிட்டு, வேளாங்கண்ணிக்கும் ஓரியூருக்கும் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்கள். மாடுகள் களைத்த இடத்தில் வண்டியை அவிழ்த்தார்கள். மூன்று கல் கூட்டி உலை வைத்தார்கள். இரவில் வண்டியின் அடியிலேயே உறங்கினார்கள். மாட்டுக்கு ஓய்வு கொடுப்பதை அவர்கள் வீண் செலவென்று கருதியதில்லை. மாடு நின்றால் பயணமும் நின்றது, அவ்வளவே.

இன்று மாட்டின் இடத்தை எஞ்சின் பிடித்துக்கொண்டது. எஞ்சினுக்குக் களைப்பில்லை. ஆனால் அதை ஓட்டுகிறவருக்குக் களைப்பு உண்டு. இந்தச் சிறு உண்மையை மறந்துவிட்டு நாம் போடும் பயணத் திட்டங்களைக் குறித்தே இக்கட்டுரை. குறைந்த பணத்தில் நிறைவாகப் பயணம் செய்ய இயலும். பணத்தை எங்கே இறுக்கிப் பிடிப்பது, எங்கே தாராளமாக விடுவது என்பதை மட்டும் அறிந்திருக்க வேண்டும்.

தூரத்தில் சிக்கனம்

பள்ளி விடுமுறை நெருங்கியதும் அன்பியங்களிலும் பக்த சபைகளிலும் பயணப் பேச்சு எழுகிறது. ‘மூன்று நாளில் ஏழு திருத்தலங்கள்’ என்று திட்டம் தீட்டுகிறார்கள். பகலில் திருத்தலம், இரவில் ஓட்டம் என ஒரே வேனில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அலைகிறார்கள். “இரவில் ஓடினால் அறை வாடகை மிச்சம்” என்று காரணமும் கூறுகிறார்கள். வாடகை மிச்சமாவது உண்மையே. ஆனால் அந்த வாடகையைத் தம் தூக்கத்தால் செலுத்துகிறவர் ஓட்டுநர். பயணிகளோ பாதித் தூக்கத்தில் எழுந்து, இறங்கி, மெழுகுவர்த்தி கொளுத்தி, படம் பிடித்து, மீண்டும் ஏறி உறங்குகின்றனர். வீடு திரும்பியபின் எந்த ஊரில் எதைக் கண்டோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிவதில்லை.

வண்டிச் செலவில் பெரும்பங்கு தூரத்தோடு வளர்வது. ஆகவே சிக்கனத்தின் முதல் விதி தூரத்தைக் குறைப்பது. ஏழு இடங்களை ஓடிப் பார்ப்பதைவிட ஒரே நிலப்பகுதியை நின்று பார்ப்பது பணத்துக்கும் நல்லது, பக்திக்கும் நல்லது.

எடுத்துக்காட்டாக ஒரு வழியைக் காட்ட விரும்புகிறேன். தூத்துக்குடியில் தொடங்கித் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, கோட்டாறு, ஆரல்வாய்மொழி, வடக்கன்குளம், திருநெல்வேலி வழியாக மீண்டும் தூத்துக்குடிக்கே வந்து சேரும் வழி அது. முழுச் சுற்றும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான். அதற்குள் உப்பளமும், செம்மணல் தேரியும், ஆற்று முகத்துவாரமும், முக்கடலும், மலைக் கணவாயும் அடங்கிவிடுகின்றன. வேற்று மாநில எல்லையைக் கடப்பதில்லை. ஆதலால் அதற்கான பெர்மிட்டுச் செலவும் இல்லை.

சென்னை, செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்தார் முத்துநகர் விரைவு வண்டியில் இரவில் படுத்துறங்கிக் காலையில் தூத்துக்குடியில் இறங்கலாம். வேனை அங்கே அமர்த்திக்கொள்ளலாம். படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்புக் கட்டணம், அதே தூரத்தை வேனில் கடக்கும் செலவைவிட மிகக் குறைவு. எல்லாவற்றிற்கும் மேலாக, நெடுந்தூர இரவுப் பயணம் வேன் ஓட்டுநரின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது.

கணக்கு நோட்டும் உண்டியலும்

வேன் பேசும்போது நான்கு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். வாடகை நாள் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா? கிலோமீட்டர் கணக்கென்றால் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும்? டீசல் யாருடைய பொறுப்பு? ஓட்டுநரின் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் ஆகியவை சேர்த்தா, தனியா? விடைகளை ஒரு தாளில் எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிடுவது நன்று. இரண்டாம் கேள்வி மிக முக்கியமானது. நாளொன்றுக்கு 250 கிலோமீட்டருக்குக் கட்டாயம் பணம் என்று பேசிவிட்டு, 100 கிலோமீட்டர் மட்டும் ஓடினால், ஓடாத தூரத்துக்கும் நாமே பணம் கொடுத்தவர்களாவோம். இத்தகைய குறுகிய சுற்றுக்கு நாள் வாடகையும் டீசலும் தனித்தனியே பேசுவதே ஆதாயம்.

வண்டியின் எண் பலகையையும் நோக்குங்கள். வாடகைக்கு ஓட உரிமம் பெற்ற வண்டிக்கு மஞ்சள் பலகை. சொந்த உபயோகத்திற்குரிய வண்டிக்கு வெள்ளைப் பலகை. தெரிந்தவர் ஒருவர் தம் வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தர முன்வரலாம். அது சட்டப்படி முறையன்று; விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவும் இடமுண்டு. பன்னிரண்டு பேருக்கு உரிமம் பெற்ற வண்டியில் பதினெட்டுப் பேரை அடைப்பதும் அத்தகையதே. இவை சிக்கனமல்ல, சூதாட்டம்.

இனிக் கணக்கு. வாடகை, டீசல், பேட்டா, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்ந்து மூன்று நாளைக்கு 24,000 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் சென்றால் தலைக்கு 2,000 ரூபாய். பத்து மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிட்டால் மாதம் 200 ரூபாய். மூன்று குடும்பங்கள் சேர்ந்து, வீட்டுக்கொரு மண் உண்டியல் வைத்து, மாதந்தோறும் ஒரு நாளில் பணத்தை இட்டு வந்தால் கடன் வாங்க வேண்டியதில்லை. ‘நேர்ச்சை தீர்க்க வேண்டும்’ என்று சொல்லி வட்டிக்குப் பணம் வாங்கிப் புறப்படுவோர் நம்மிடையே உளர். பயணம் மூன்று நாளில் முடிகிறது. வட்டி மூன்று ஆண்டுகள் தொடர்கிறது. கந்துவட்டிக்காரன் வழியாகக் காணிக்கை பெற ஆண்டவர் விரும்புவதில்லை. பணம் சேரும்வரை நேர்ச்சை காத்திருக்கலாம்.

முதல் நாள்: உப்பளமும் குருசுக் குன்றும்

பனிமய மாதா பேராலயத்தில் காலைத் திருப்பலியுடன் பயணத்தைத் தொடங்குங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இவ்வாலயம் 1982-ஆம் ஆண்டில் பேராலயமாக உயர்த்தப்பெற்றது. ஆகஸ்டு 5-ஆம் நாள் திருவிழாவின்போது நகரமே நிரம்பி வழியும். திருவிழாக் காலம் பக்திக்கு உகந்ததெனினும் ஒல்லியான பணப்பைக்கு உகந்ததன்று. அறை வாடகைகள் ஏறிவிடும். அமைதியாகச் செபிக்க விரும்பும் குடும்பம் சாதாரண வாரநாளில் வருவதே மேல்.

நகரைவிட்டுத் தெற்கே செல்லும்போது உப்பளங்களைக் காணலாம். வெயிலில் கண் கூசும் வெண்குவியல்களின் நடுவே உழைப்போரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீட்டில் சோற்றுக்கு இடும் ஒரு சிட்டிகை உப்பு யாருடைய காலைச் சுட்டுவிட்டு வருகிறதென்று அவர்கள் அறியட்டும். ஆத்தூருக்கு அருகே தாமிரபரணியைக் கடக்கும்போது நிலம் முற்றிலும் மாறிவிடுகிறது. வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் இருபுறமும் பசுமை காட்டுகின்றன. அங்கிருந்து கிழக்கே சென்றால், அந்த ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல். 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூலை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் பணியாற்றிய ஊர் அது.

தூத்துக்குடியிலிருந்து 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர். கடல் அலையை நோக்கி நிற்கும் முருகன் கோயிலின் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். அதைக் கடந்தால் பனைமரக் காடுகள். சற்று உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் வெளி. காற்று கொண்டுவந்து குவித்த அந்தச் சிவந்த மேடுகளைப் பார்க்கக் கட்டணம் எதுவுமில்லை. உடன்குடிக் கருப்பட்டி வாங்குவோர் இங்கே வாங்கலாம். வழியில் உள்ள குலசேகரன்பட்டினத்தில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது என்று சொன்னால், வண்டியிலுள்ள சிறுவர்கள் சன்னலோரம் நெருக்குவார்கள்.

திருச்செந்தூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் மணப்பாடு. கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில், மணற்குன்றின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. இது 1581-ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. இயேசுவின் திருச்சிலுவைத் துண்டு ஒன்று இங்கே காக்கப்பட்டு வருகிறது. செப்டம்பர் 14-ஆம் நாள் பெருவிழா. குன்றின் கீழே கடலை நோக்கியிருக்கும் குகை, 1542-ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த இடமாகப் போற்றப்படுகிறது. குன்றின்மேல் நின்றால் ஒருபுறம் ஆற்றின் அமைதியான நீர், மறுபுறம் பிறை போல் வளைந்த கடற்கரை, நடுவே கட்டுமரங்களும் படகுகளும். இக்காட்சிக்கு நிகரானதைக் காசு கொடுத்து வாங்க இயலாது. இங்கே அரை நாளையாவது செலவிடுங்கள். கடற்கரை ஊர்களைச் சவேரியார் கால்நடையாகவே சுற்றினார் என்பதை நினைவிற்கொண்டு, ஒரு கிலோமீட்டராவது வேனைவிட்டு இறங்கி நடவுங்கள்.

மாலையில் சுமார் 30 கிலோமீட்டர் சென்று உவரியில் தங்கலாம். முதல் நாள் ஓட்டம் 90 கிலோமீட்டருக்கும் குறைவு.

இரண்டாம் நாள்: உவரியும் குமரிமுனையும்

உவரி அந்தோனியார் திருத்தலத்துக்குப் பல சமயத்தாரும் வருகின்றனர். நோய் நீங்க வேண்டி நாட்கணக்கில் தங்குவோர் பலர். அவர்கள் பொருட்டுத் தங்கும் அறைகளும் சமைக்கும் வசதியும் இங்கே அமைந்துள்ளன. நேர்ச்சையாக அசனம் கொடுக்கும் குடும்பத்தார் முன்பின் தெரியாதவரையும் பந்தியில் அழைத்து அமர்த்துவர். அழைத்தால் கூச்சமின்றி அமருங்கள், மறுக்க வேண்டாம். ஏழையோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பாடம்.

அதிகாலையில் கரைக்கு வரும் மீனை ஏலத்தில் கேட்டு வாங்கினால், ஒரு வேளைக் குழம்புக்குக் குறைந்த விலையில் கிடைத்துவிடும். கப்பல் வடிவில் எழுப்பப்பெற்ற கப்பல் மாதா ஆலயமும் அருகிலேயே உள்ளது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இக்கடல் பார்ப்பதற்கு அழகானது, இறங்குவதற்கு ஆபத்தானது. எங்கே கால் நனைக்கலாம் என்பதை மீனவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் வேண்டாம்.

உவரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் கன்னியாகுமரி. கடல் நடுவே 1970-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவகமும், 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும் நிற்கின்றன. இவ்விரண்டையும் இணைத்து 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது. படகுக் கட்டணமும் காத்திருக்கும் நேரமும் நம் கணக்குக்கு ஒவ்வாவிடில் கரையிலிருந்தே காணலாம். மாலையில் கதிரவன் மறையும் வேளை குடும்பமாகக் கரையில் அமர்ந்து செபமாலை சொல்லலாம். அலங்கார உபகார மாதா ஆலயத்தின் உயர்ந்த வெண்கோபுரம் மீனவர் குடியிருப்பின் நடுவே அன்னையின் காவலைப்போல் நிற்கிறது.

மூன்றாம் நாள்: ஒரு கணவனும் மனைவியும்

கதிரவன் எழுவதைக் கண்டபின் நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றுக்குப் புறப்படலாம். அங்குள்ள சவேரியார் பேராலயத்தில்தான் புனித தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745-ஆம் ஆண்டில் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன் பொருட்டு எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15-இல் அவரைப் புனிதராக அறிவித்தார். மணமான ஒரு பொதுநிலையினர் அவர் என்பது நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய செய்தி.

கோட்டாற்றிலிருந்து ஆரல்வாய்மொழி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இருபுறமும் மலை நெருங்க, நடுவே காற்று பாய்ந்து வரும் கணவாய் அது. எண்ணற்ற காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். காற்றாடிமலையில் புனிதர் உயிர்துறந்த பாறையையும், தட்டினால் மணியோசை எழுப்பும் பாறையையும் காணலாம். அங்கிருந்து சற்றே சென்றால் வடக்கன்குளம். அவ்வூர் ஆலயம் திருக்குடும்பத்தின் பெயரால் அமைந்தது. தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாள் கணவர் இறந்தபின் இவ்வூரில் வாழ்ந்து, இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கணவரின் கல்லறை கோட்டாற்றில், மனைவியின் கல்லறை வடக்கன்குளத்தில். இடையே உள்ள சிறு தூரத்தை வேனில் கடக்கும்போது, கணவன் மனைவியர் ஒருவருக்காக ஒருவர் ஒரு பத்து மணி செபிப்பார்களாக.

பிற்பகலில் திருநெல்வேலி வழியாகப் புறப்பட்டால் இருட்டுமுன் தூத்துக்குடியை அடையலாம். அன்றைய ஓட்டம்தான் மூன்று நாளிலும் அதிகம். அதுவும் 160 கிலோமீட்டரளவே.

அடுப்பும் பாயும்

சாப்பாட்டில் தாராளமாகச் சிக்கனம் செய்யலாம். முதல் நாளைக்கு வீட்டிலிருந்தே மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலி, புளிச்சோறு, துவையல் கொண்டுவரலாம். தயிர்ச்சோறு வெயிலில் விரைவில் புளித்துவிடும். அதை நம்ப வேண்டாம். வாழைப்பழம், அவல், வறுகடலை, முறுக்கு ஆகியவை இருந்தால் கடைத் தின்பண்டச் செலவு குறையும். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை ஏற்றி, ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்துவிடுங்கள். தட்டும் தம்ளரும் வீட்டிலுள்ளவையே போதும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை உள்ளது. கடலுக்கும் அவை நஞ்சு.

தங்குவதற்குத் திருத்தலங்களின் பயணியர் இல்லங்களும் பங்கு மன்றங்களும் உதவும். உங்கள் பங்குத்தந்தையிடம் கடிதம் பெற்று ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பாயும் போர்வையும் உங்களுடையதாக இருக்கட்டும். புறப்படுமுன் அறையைக் கூட்டிவிட்டு, இயன்ற காணிக்கையை உண்டியலில் இடுங்கள். கழிவறை வசதி எங்கெங்கே என்பதை முன்பே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களும் முதியோரும் தண்ணீர் குடிக்கவே அஞ்சி வரும் பயணம் அவர்களுக்குத் தண்டனையாகும்.

அன்னையரைப் பற்றி ஒரு சொல். ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்பவர் அவர். பயணத்திலும் அவரே விடியுமுன் எழுந்து, பன்னிரண்டு பேருக்குச் சமைத்து, பாத்திரமும் துலக்குவதாயின் மாறியது அடுப்பின் இடம் மட்டுமே. காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் ஆண்களும் பிள்ளைகளும் முறை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டனையும் பாட்டியையும் ‘ஒரு தலைக்குச் செலவு’ என்று கணக்கிட்டு வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். அவர்களுக்கு இனி எத்தனை பயணம் எஞ்சியுள்ளது?

இரண்டு இடங்களில் சிக்கனம் வேண்டாம்

முதலாவது, நெருப்பு. ஓட்டல் செலவு மிச்சமென்று சமையல் எரிவாயு உருளையை வண்டிக்குள் ஏற்றுவோர் உண்டு. 2023 ஆகஸ்டு 26-ஆம் நாள் மதுரை இரயில் நிலையத்தில் நின்ற ஒரு சுற்றுலாப் பெட்டியில், விதிக்குப் புறம்பாக ஏற்றி வந்த உருளையால் தீப்பற்றி, வடநாட்டிலிருந்து வந்த பயணிகள் ஒன்பது பேர் மாண்டனர். தேநீருக்காக மூட்டிய அடுப்பு அது. உருளை வண்டியில் ஏறவே கூடாது. சமையலெல்லாம் தங்குமிடத்து அடுக்களையில் நடக்கட்டும். வழியில் தேவையான வெந்நீரைக் குடுவையில் நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஓட்டுநரின் உறக்கம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குமேல் இடையில் ஓய்வின்றி வேலை வாங்கலாகாது என்றும் வகுத்துள்ளது. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே மனித உடல் இயல்பாகவே உறக்கத்தில் ஆழ்கிறது. தேநீரும் பாட்டும் அதைச் சற்று ஏமாற்றலாம், வெல்ல முடியாது.

புறப்படும் வண்டிகளை மந்திரிக்கும்படி மக்கள் பங்கு இல்லத்துக்கு வருவது வழக்கம். ஒரு நாள் இரவு ஒன்பது மணியளவில் அவ்வாறு வந்த வண்டியின் ஓட்டுநருக்குக் கண்கள் சிவந்திருந்தன. “கடைசியாக எப்போது படுத்துத் தூங்கினீர்கள், தம்பி?” என்று கேட்டேன். “முந்தாநாள் ராத்திரி, சாமி. நேத்து முழுக்க வேற சவாரி” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விடிந்தபின் புறப்படலாமென்று குடும்பத்தாரிடம் கூறினேன். “அறைக்கு முன்பணம் கட்டியாச்சு, சாமி” என்று முணுமுணுப்பு எழுந்தது. அவர்களுள் மூத்த அம்மாள் ஒருவர் அதை அடக்கினார்: “பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். அதுவும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே? போய்ப் படுக்கச் சொல்லுங்க.” அந்த இளைஞர் மன்றத்தில் பாய் விரித்து உறங்கினார். காலைத் திருப்பலி முடிந்து வண்டி புறப்பட்டது. மந்திரித்த தீர்த்தம் வண்டியைக் காக்க வேண்டுமென்றால், ஓட்டுநரின் உறக்கத்தை நாம் காக்க வேண்டும்.

ஆகவே பயணத்துக்கு முன்னிரவு அவர் உறங்கினாரா என்று கேளுங்கள். இரவு பத்து மணிக்குமேல் வண்டி ஓடக்கூடாதென்று வாடகைத் தாளிலேயே எழுதுங்கள். தங்குமிடத்தில் அவருக்கும் ஒரு படுக்கை ஒதுக்குங்கள். இருக்கையில் சாய்ந்து கிடப்பது உறக்கமன்று. கொசுவலையோ விசிறியோ ஒன்றுதான் உண்டெனில் அது அவருக்கே போகட்டும். உணவை முதலில் அவருக்குப் பரிமாறுங்கள். இச்செலவில் கை சுருக்கினால் எந்தச் செலவில் கை விரித்தும் பயனில்லை.

எண்ணிக்கை

எருசலேம் திருவிழாவுக்குச் சென்று திரும்பிய திருக்குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். உற்றார் உறவினர் கூட்டமாகச் சென்ற பயணம் அது. பிள்ளை கூட்டத்தில்தான் இருக்கிறான் என்று எண்ணி ஒரு நாள் தொலைவு நடந்தபின்னரே, அவன் இல்லையென்று மரியாவும் சூசையும் உணர்ந்தார்கள். செலவையும் நேரத்தையும் பாராமல் வந்த வழியே திரும்பினார்கள். மூன்று நாட்களுக்குப்பின் கண்டடைந்தார்கள். கூட்டமாகச் செல்வோர் ஒவ்வொருவரையும் எண்ணிக்கொள்ள வேண்டுமென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்பான குடும்பத்தாரே, ஒவ்வோர் ஊரிலும் வண்டி புறப்படுமுன் தலைகளை எண்ணுங்கள். சிறு பிள்ளை ஏறிவிட்டதா, பாட்டி அமர்ந்துவிட்டாரா என்று பாருங்கள். பன்னிரண்டு பேரும் இருக்கிறோம் என்று குரல் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது பன்னிரண்டு பேரல்லர், பதின்மூன்று பேர். உலையில் அரிசி இடும்போதும், பாய் விரிக்கும்போதும், இரவுச் செபத்தில் பெயர்களைச் சொல்லும்போதும் அந்தப் பதின்மூன்றாமவரையும் சேர்த்தே எண்ணுங்கள். அவரையும் ஒரு குடும்பம் வாசலில் எதிர்பார்த்திருக்கிறது.